முகமும் பெயரும்: சென்னைப் பல்கலைக்கழக ஆளுமைகளின் ஆவண ஒளிப்படங்கள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக வரலாற்றில் இடம்பெற்ற ஆளுமைகளின் பழைய ஒளிப்படங்கள் விழா மலர்களிலும் ஆய்வேடுகளிலும் நூல்களின் முகப்பிலும் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. அவை போற்றுதற்குரிய உருவங்களாகக் கொள்ளப்படும் அளவிற்குச் சான்றுகளாக ஆராயப்படுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சீனிவாச இராமானுசன், உ.வே. சாமிநாதையர், ச. வையாபுரிப்பிள்ளை, ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆகியோரின் படங்கள் வழங்கிவரும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களின் நடுகல் மரபிலிருந்து அதற்கான அளவுகோல் பெறப்படுகிறது. தருமபுரி மாவட்டத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இடம்பெற்ற குழு ஒளிப்படங்கள் பெயரிழந்து வருவதைச் சுட்டி, அவற்றைப் பதிவுசெய்வதற்கான வழிமுறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவண ஒளிப்படம், படக்குறிப்பு, சென்னைப் பல்கலைக்கழகம், நடுகல், குழு ஒளிப்படம், தருமபுரி, மொரப்பூர்.

1. முன்னுரை

பெரியார் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு சேலத்தில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் தருமபுரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தன. சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த மொரப்பூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அக்காலத்தில் பட்டம் பெற்றோரின் சான்றிதழ்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கியுள்ளன. ஆகவே அப்பல்கலைக்கழகத்தின் வரலாறு இவ்வட்டார உயர்கல்வியின் முன்வரலாறும் ஆகும்.

அவ்வரலாறு இன்றைய மாணவரைப் பெரும்பாலும் ஒளிப்படங்களின் வழியாகவே வந்தடைகிறது. துணைவேந்தர்கள், பேராசிரியர்கள், பதிப்பாசிரியர்கள் ஆகியோரின் முகங்கள் கருத்தரங்கப் பதாகைகளிலும் ஆய்வேட்டுப் பின்னிணைப்புகளிலும் இடம்பெறுகின்றன. ஆய்வேட்டில் மேற்கோள் ஒன்றைக் காட்டும்போது நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைக் கேட்கும் நெறியாளர், ஒளிப்படத்திற்கு அவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. எழுத்துச் சான்றுக்கு ஒரு நெறியும் உருவச் சான்றுக்கு வேறொரு நெறியும் தமிழாய்வில் நிலவுகின்றன. இவ்வேறுபாட்டினால் நேரும் இழப்புகளை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒளிப்படமும் பல்கலைக்கழகமும்

சென்னையில் ஒளிப்படக்கலையும் நவீனப் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றின. 1850இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டில், 1857 செப்டம்பர் 5 அன்று, சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களைப் படமெடுத்தார். இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுதியும் அவர் வெளியிட்டவற்றுள் ஒன்று. தருமபுரி வட்டாரம் அன்று சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால் இத்தொகுதி நம் வட்டார வரலாற்றுக்கும் உரியதாகிறது.

டிரைப்பின் படங்கள் பெரும்பாலும் கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் காட்டுவன. ஆயினும் தொகுதியின் பெயரும் இடத்தின் பெயரும் எடுத்தவரின் பெயரும் அவற்றோடு இணைந்தே வழங்குகின்றன. அதனால் 1858இன் இராயக்கோட்டைப் பாறையை இன்றைய ஆய்வாளர் ஐயமின்றிச் சான்றாகக் கொள்ள முடிகிறது. அதற்குப் பின் பல பதிற்றாண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட பேராசிரியர் ஒருவரின் படத்திற்கு இவ்வளவு உறுதியான பின்புலம் கிட்டுவதில்லை. ஒரு பாறைக்குக் கிடைத்த படக்குறிப்பு ஓர் அறிஞருக்குக் கிடைக்கவில்லை என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

3. நடுகல் தரும் அளவுகோல்

உருவத்தைச் சான்றாக்கும் நெறியை அயல்நாட்டு ஆவணவியலிலிருந்துதான் பெறவேண்டும் என்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்கள் நடுகற்கள் செறிந்த பகுதிகள். செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் தொகுத்து வெளியிட்டது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கிறது.

எழுத்துடைய நடுகல் ஒன்று பொதுவாக ஐந்து செய்திகளைத் தருகிறது. வீரனின் உருவம் முதலாவது. அவன் பெயர் இரண்டாவது. அவன் செய்த செயல் மூன்றாவது. அரசனின் ஆட்சியாண்டு நான்காவது. அவன் யாருடைய சேவகன், கல்லை எடுப்பித்தவர் யார் என்னும் உறவுச் செய்தி ஐந்தாவது. எல்லாக் கற்களிலும் ஐந்தும் அமைவதில்லை. எனினும் உருவம் தனித்து நில்லாது, எழுத்தோடு சேர்ந்தே பொருள் தரும் என்னும் தெளிவு அம்மரபில் உண்டு.

முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் பெயரைப் பொறித்த அக்கல், அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்த நாயின் பெயரையும் கோவிவன் எனப் பொறித்துள்ளது. நாயின் உருவமும் கல்லில் உண்டு. களத்தில் உடனிருந்த நாய்க்கும் பெயர் தந்த மரபு இது. பல்கலைக்கழக ஒளிப்படங்களை இம்மரபின் அளவுகோலால் அளந்தால் அவற்றின் குறைகள் தாமே புலப்படும்.

4. இராமானுசன்: காத்தவர் பெயர் மறைந்த படம்

சீனிவாச இராமானுசன் 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுமாணவரானார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1918இல் இங்கிலாந்தின் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் நோயுற்றுத் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். அவருடைய முகமாக இன்று உலகம் அறிவது, தாயகம் திரும்புவதற்காக 1919இல் எடுக்கப்பட்ட கடவுச்சீட்டுப் படத்தையே.

அப்படம் வெளிவந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. இராமானுசனைப் பற்றிய சொற்பொழிவுகளுக்காக அவருடைய நல்ல படமொன்றை ஹார்டி தேடினார். 1936இல் இந்தியா வரவிருந்த வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். அவர் திருவல்லிக்கேணியில் இராமானுசனின் துணைவியார் சானகி அம்மாளைக் கண்டு, அவரிடமிருந்த கடவுச்சீட்டிலிருந்து படத்தைப் பெற்றார். 1940இல் வெளியான ஹார்டியின் நூலில் அது இடம்பெற்றது. 1980களில் பால் கிரான்லண்ட் என்னும் அமெரிக்கச் சிற்பி வடித்த மார்பளவுச் சிலைகளுக்கும் இப்படமே அடிப்படையாயிற்று.

இதிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, இந்த முகத்தைக் காத்துத் தந்தது ஒரு கைம்பெண்ணின் வீடு. எந்த நிறுவனத்தின் காப்பகமும் அன்று. நடுகல் மரபில் எடுப்பித்தோர்க்குரிய இடம் ஒளிப்படத்தில் சானகி அம்மாளுக்கு உரியது. ஆனால் இப்படம் வழங்கும் இடங்களில் அவர் பெயர் குறிக்கப்படுவது அரிது. இரண்டாவது, இப்படம் நோயுற்ற ஒருவர் பயண ஆவணத்திற்காக எடுத்துக்கொண்டது. ஆண்டும் சூழலும் நீக்கப்பட்டபோது அது காலங்கடந்த மேதையின் உருவமாகிவிட்டது. கன்னங்களை நிரப்பி, கண்களுக்குப் பொலிவூட்டி வரையப்பட்ட பிற்கால ஓவியங்கள் அம்முகத்தின் மெலிவை மறைத்தன. அந்த மெலிவோ 1919ஆம் ஆண்டின் சான்று. போர்க்கால இங்கிலாந்தில் அவர் பட்ட உடல்துன்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் வாழ்க்கை வரலாறுகள், அதனைக் காட்டும் படத்தைத் திருத்திய வடிவில் முகப்பில் இடுவது முரணாகும்.

5. உ.வே.சா.: பட்டங்களும் காலமும்

உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியிலும், 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் பெற்றார். தாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாமல், திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டுப் புலமை பெற்ற ஒருவர், பல்கலைக்கழகத்தின் உயர்சிறப்பைப் பெற்றார் என்பது தமிழ்க் கல்வி வரலாற்றின் ஒரு திருப்பம்.

இத்திருப்பத்தை அவருடைய படங்களில் காண முயல்வோருக்குப் படக்குறிப்புகளே தடையாகின்றன. எக்காலத்துப் படமாயினும் அதன்கீழ் ‘டாக்டர் உ.வே.சா.’ என்றே இன்று அச்சிடப்படுகிறது. தலைப்பாகையும் சால்வையும் அணிந்த உருவம், கும்பகோணத்து ஆசிரியரா, சென்னையின் பேராசிரியரா, ஓய்வுபெற்ற பதிப்பாசிரியரா என்னும் வேறுபாடுகள் அப்பட்டத்துள் மறைந்துவிடுகின்றன. 77ஆம் அகவையில் வந்த பட்டம் அவருடைய இளமைக்கும் உரியதாகிறது. பல்கலைக்கழகம் அவரைக் காலந்தாழ்ந்தே மதித்தது என்னும் உண்மையைப் பல்கலைக்கழகம் தந்த பட்டமே மறைத்துவிடுகிறது.

பட்டங்களை முறையாகக் கையாண்டால் அவையே காலக்கணிப்புக்குத் துணையாகும். படத்தோடு அக்காலத்திலேயே அச்சிடப்பட்ட குறிப்பில் ‘மகாமகோபாத்தியாய’ என்பது இருந்து, ‘டாக்டர்’ என்பது இல்லையெனில், அக்குறிப்பு 1906க்கும் 1932க்கும் இடைப்பட்டதாதல் கூடும். பட்டங்களை விடுத்துப் பெயரை மட்டும் அச்சிடும் வழக்கமும் உண்டாகையால் இதனைத் துணைச்சான்றாகவே கொள்ளவேண்டும். மேலும், குறிப்பின் காலத்தைக் கொண்டு படத்தின் பின்னெல்லையையே உறுதிசெய்யலாம். படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். கல்வெட்டில் மெய்க்கீர்த்தியும் விருதுப்பெயரும் கொண்டு ஆட்சியாண்டைக் கணிக்கும் முறையை ஒத்தது இது. கல்வெட்டாய்வில் தேர்ந்த தமிழாய்வாளர்க்கு இது புதிய கருவியன்று. புதிய களத்தில் பயன்படுத்தவேண்டிய பழைய கருவி. அதற்கு முதல் தேவை, மூலப் படக்குறிப்பை அவ்வாறே பேணுவதாகும்.

6. பேரகராதி: பலர் உழைப்பும் ஒரு முகமும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் ஜே.எஸ். சாண்ட்லரின் பொறுப்பில் தொடங்கியது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை அதன் பதிப்பாசிரியராக விளங்கினார். 1924இல் வெளிவரத் தொடங்கிய அகராதி 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. பின்னிணைப்பு 1939இல் வெளிவந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இப்பணியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் நெடுங்காலம் உழைத்தார். இவர்களோடு பண்டிதர்களும் துணைப்பதிப்பாசிரியர்களும் எழுத்தர்களும் இணைந்து பணியாற்றினர்.

பேரகராதி பற்றிய உரைகளில் இன்று காட்டப்படும் முகம் பெரும்பாலும் வையாபுரிப்பிள்ளையுடையது. அவர்தம் பங்கு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் கால் நூற்றாண்டு நீண்ட கூட்டுப்பணிக்குத் தனி உருவப்படம் ஒன்றே குறியீடாகும்போது, சொற்களைத் திரட்டியும் சீட்டுகளில் எழுதியும் அடுக்கியும் ஒப்புநோக்கியும் உழைத்தோர் பார்வையிலிருந்து அகல்கின்றனர். அகராதியின் முகவுரையில் பெயர் பெற்றவர்களும் படத்தில் முகம் பெறுவதில்லை. எழுத்தில் இருக்கும் ஒரு நீதி உருவத்தில் இல்லாது போகிறது. பேரகராதியைப் பற்றிப் படத்துடன் எழுதுவோர் தனி உருவப்படத்திற்குப் பக்கத்தில் அம்முகவுரையின் பெயர்ப்பட்டியலையும் தருவது இக்குறையை ஓரளவு நீக்கும்.

7. இலட்சுமணசாமி முதலியார்: அடையாளச் சிக்கல்

ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். ‘துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் விழாவில் உரையாற்றுகிறார்’ என்னும் குறிப்பு விடுதலைக்கு முற்பட்ட நிகழ்ச்சிக்கும் பொருந்தும். மாநிலத்தில் ஆட்சி மாறிய 1967க்குப் பிற்பட்ட நிகழ்ச்சிக்கும் பொருந்தும். பதவிப்பெயர் இங்குக் காலத்தைக் காட்டுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மைசூர்த் திவானாகவும் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் இருந்த ஆற்காடு இராமசாமி முதலியார் இவருடைய இரட்டைச் சகோதரர். ஒரே நாளில் பிறந்து, ஒரே காலத்தில் பொதுவாழ்வில் புகழ்பெற்ற இருவரின் படங்களைப் பெயர்க்குறிப்பின்றி முகச்சாயலால் மட்டும் அடையாளம் காண்பது நம்பத்தக்கதன்று. முகம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் என்னும் நம்பிக்கை எவ்வளவு வலுவற்றது என்பதற்கு இது போதிய சான்று.

8. குழு ஒளிப்படங்களும் தருமபுரியும்

மேற்கண்டவர்கள் புகழ்பெற்றோர். அவர்தம் படங்களில் நேரும் குறையைப் பிற ஆவணங்களால் ஒருவாறு நிரப்பிக்கொள்ளலாம். புகழ் எய்தாதோர்க்கு அவ்வாய்ப்பில்லை. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே தருமபுரியில் அரசு கலைக்கல்லூரியும் தோன்றியது. மொரப்பூர், அரூர், கம்பைநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து வந்து பயின்றோருள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுள் பலர்க்குக் கல்லூரி வாழ்வின் ஒரே உருவச்சான்று இறுதியாண்டுக் குழு ஒளிப்படம்.

குழு ஒளிப்படத்தின் அமைப்பு யாவரும் அறிந்தது. நடு நாற்காலியில் முதல்வர், இருபுறமும் துறைத்தலைவர்கள், பின்வரிசைகளில் மாணவர்கள், ஓரத்தில் அலுவலக உதவியாளர். படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, மேலே கல்லூரியின் பெயரையும் ஆண்டையும், கீழே ‘அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்’, ‘நிற்போர் முதல் வரிசை’ எனப் பெயர்களையும் எழுதித் தருவது ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம். அட்டையின் மூலையில் ஸ்டுடியோவின் முத்திரை இருக்கும். நடுகல்லின் ஐந்து கூறுகளுள் பெரும்பாலானவை இவ்வட்டையிலேயே அமைந்துவிடுகின்றன.

அந்த அட்டைதான் இன்று அழிகிறது. கைப்பேசியால் படத்தைப் படியெடுப்போர் முகங்கள் பெரிதாகத் தெரியவேண்டும் என்று அட்டைப்பகுதியை வெட்டிவிடுகின்றனர். கரையான் அரித்த அட்டையை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் புதுச்சட்டத்தில் இடுவோரும் உளர். பெயர்கள் ஒரே வெட்டில் மறைகின்றன. பின்னர் நடுவில் அமர்ந்தவரை மட்டுமே பிறர் அடையாளம் கூறமுடிகிறது. ஏனையோர் ‘மாணவர்கள்’ ஆகிவிடுகின்றனர். ஓரத்தில் நிற்கும் உதவியாளர்க்கோ அட்டையிலும் பெயர் இருப்பதில்லை. எடுத்தனூர்க் கல்லில் கோவிவனுக்குக் கிடைத்த இடம், நாற்பதாண்டுகள் கல்லூரியின் மணியடித்தவர்க்குக் கிடைக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இவ்விழப்பை மேலும் சிக்கலாக்குகின்றன. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகக் கூறும் செயலி, மூலப்படத்தில் இல்லாத கண்ணிமையையும் பற்களையும் தானே வரைகிறது. வண்ணமூட்டும்போது தோல்நிறத்தையும் ஆடைநிறத்தையும் ஊகித்துப் பூசுகிறது. அத்தகைய படம் நினைவுப்பொருளாகலாம், சான்றாகாது.

9. ஒரு மறுப்பும் விடையும்

போற்றுவதற்காக வைக்கப்படும் படத்திடம் ஆவணத்தின் ஒழுங்கைக் கேட்பது பொருந்துமா என வினவலாம். கேட்கலாம் என்பதே நடுகல் தரும் விடை. நடுகல்லும் வழிபடப்பட்டதே. ஆயினும் வழிபாடு எழுத்தை விலக்கவில்லை. பெயரும் செயலும் அறிந்தே வாழ்த்தினர். அதே வேளையில் இவ்வளவுகோலின் எல்லையையும் ஏற்கவேண்டும். நடுகற்கள் பெரும்பாலும் போரிட்டு மாண்ட ஆடவர்க்கு உரியன. உழுதோரும் நெய்தோரும் பெண்டிரும் அவற்றில் அருகியே காணப்படுவர். பல்கலைக்கழக உருவப்படங்களும் அவ்வாறே பதவியுடையோரைச் சுற்றி அமைந்தவை. ஆகவே நடுகல்லிடமிருந்து பதிவுமுறையைக் கற்கலாம். யாரைப் பதிவுசெய்வது என்னும் தேர்வை அதனிடமிருந்து பெறலாகாது.

10. பதிவுமுறை

இக்கருத்துகளின் அடிப்படையில் கல்லூரிகளும் ஆய்வுமாணவர்களும் பின்பற்றத்தக்க முறை கீழே தரப்படுகிறது.

அ. படத்தை அட்டையோடும் பின்புறத்தோடும் முழுமையாகப் படியெடுத்தல். வெட்டிய வடிவம் தேவையெனில் அதனைத் தனிப்படியாக வைத்தல்.

ஆ. வரிசைப்படி அனைவர் பெயரையும் எழுதுதல். தெரியாத இடத்தில் ‘அடையாளம் காணப்படவில்லை’ எனக் குறித்து, இடத்தைக் காலியாகப் பேணுதல்.

இ. ஆண்டு தெரியின் அதனையும், தெரியாவிடின் முன்னெல்லை, பின்னெல்லைகளையும், அவ்வாறு கணித்தமைக்கான காரணத்தையும் தருதல்.

ஈ. எடுத்த ஸ்டுடியோ, படம் இதுவரை இருந்த இடம், காத்துத் தந்தவரின் ஒப்புதலோடு அவர் பெயர் ஆகியவற்றைக் குறித்தல்.

உ. திருத்தம், வண்ணமூட்டல் முதலிய மாற்றங்கள் செய்யப்பட்டிருப்பின் அதனை வெளிப்படையாகக் கூறுதல்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தமிழக ஸ்டுடியோ ஒளிப்படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எண்மமாக்கியுள்ளது. குடும்பங்களும் ஸ்டுடியோக்களும் காத்த படங்கள் ஆய்வுக்குரியன என்பதை அம்முயற்சி நிறுவியது. ஒரு தமிழ்த்துறை, தன் முதுகலை மாணவர்களிடம் ஆளுக்கொரு குழு ஒளிப்படத்தைக் களப்பணியாக ஒப்படைத்தால், மாவட்டத்தின் கல்வி வரலாற்றுக்குரிய அடிப்படைத் தொகுப்பு சில ஆண்டுகளில் உருவாகும்.

11. முடிவுரை

இராமானுசனின் படத்தில் காத்தவர் பெயரும், உ.வே.சா.வின் படங்களில் காலமும், பேரகராதியின் படத்தில் உடனுழைத்தோரும், இலட்சுமணசாமி முதலியாரின் படங்களில் நிகழ்ச்சியின் ஆண்டும் விடுபட்டுள்ளன. இவ்விடுபாடுகள் அனைத்தும் படக்குறிப்பில் நேர்ந்தவை. ஒளிப்படக் கருவியின் குறைகள் அல்ல. ஆகவே அவற்றை ஆய்வாளர்களால் களைய முடியும்.

தருமபுரி மாவட்டக் குழு ஒளிப்படங்களைப் பொறுத்தவரை காலம் குறைவு. 1965ஆம் ஆண்டை ஒட்டிக் கல்லூரியில் சேர்ந்தோர் இன்று எண்பதை நெருங்குகின்றனர். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவர் யார் எனச் சுட்டிச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. மொரப்பூரிலும் அரூரிலும் அவர்தம் வீட்டுச் சுவர்களில் அப்படங்கள் இன்னும் தொங்குகின்றன. படத்தை எப்போது வேண்டுமாயினும் படியெடுக்கலாம். பெயரை அவர்கள் இருக்கும்போதுதான் கேட்டு எழுதமுடியும்.